மஞ்சள் டேப் சுற்றிய டோலக்

எங்கள் மகன் ஜோபின் செத்து எட்டு மாதமாகியும் என் மனைவி தெரசம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று தெருவில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். துட்டி கேட்க வந்த பெண்கள் அவள் தோளில் கைபோட்டு அழத் தொடங்கியபோது, அந்தக் கைகளை மெல்ல எடுத்துவிட்டு, "இருங்க, டீ போடுதேன்" என்று அவள் எழுந்துபோய்விட்டாள். அழாத தாய்க்கு முன்னால் மற்றவர்கள் எவ்வளவு நேரம் அழ முடியும்? டீயைக் குடித்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அவன் மொகத்த நான் இன்னும் பாக்கல."

எங்கள் பக்கத்தில் முகம் பார்ப்பது என்பது சாதாரணக் காரியமில்லை. திருப்பூரிலிருந்து மகள் வர வேண்டுமென்றால் ஐஸ் பெட்டியில் இரண்டு நாள்கூட வைத்திருப்பார்கள். பெட்டியை மூடும் முன்னால் ஒருவர், "மொகம் பாக்குதவிய எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்று சத்தம் கொடுப்பார். அதுவரைக்கும் கல்லாக உட்கார்ந்திருந்தவர்கள்கூட அந்தச் சத்தத்தில் உடைந்துவிடுவார்கள். பார்க்க முடியாமல் போனவர்கள் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவதையும் நான் கண்டிருக்கிறேன்.

ஜோபின் செத்தது கயானாவில். முதன்முதலில் அவன் செல்போனில் வரைபடத்தைத் திறந்து காட்டியபோது, "ஏலே, இது வெஸ்ட் இண்டீஸ்காரனுக இருக்க பக்கம்லா, கிரிக்கெட் ஆடுதவனுக?" என்று கேட்டேன். அதேதான் என்றான். கடலில் எண்ணெய் எடுக்கிறார்களாம், கரையில் கப்பல் வேலைக்கு வெல்டர்கள் வேண்டுமாம். போகட்டும் என்று நானும் விட்டேன். கோவில்பட்டியில் வெல்டிங் பட்டறையில் கிடந்து கண்ணைக் கெடுத்துக்கொள்வதற்கு அங்கே போய்க் கெடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

ரயில்வே ஸ்டேஷனில் சண்டை வந்தது. பெட்டி, பை எல்லாவற்றையும் என் லோடு ஆட்டோவிலிருந்து இறக்கினால், கடைசியாக ஒரு டோலக் இறங்குகிறது. கோயில் பாடகர் குழுவில் அவன் பத்து வருஷமாக வாசித்த டோலக். பட்டறையில் வைத்திருந்தபோது எங்கேயோ இடித்து மரம் வெடித்துவிட்டது. புதுசு வாங்குடா என்றால் கேட்கவில்லை, வெடிப்பின் மேல் ஒயருக்குச் சுற்றும் மஞ்சள் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி வைத்திருந்தான்.

"நீ வெல்டிங் பண்ணப் போறியா, கொட்டடிக்கப் போறியா?" என்று கத்தினேன். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

"ரெண்டுந்தாம்ப்பா" என்று சிரித்தான்.

 ரயில் கிளம்பும்போது கையைக்கூட ஆட்டவில்லை. தீப்பெட்டி ஆபீஸ்களிலிருந்து பண்டல் ஏற்றி லாரி ஷெட்டுக்குக் கொண்டுபோவது என் தொழில். அந்த ஆபீஸ்களில் எனக்கு 'உரசாதே அண்ணாச்சி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் மாதம், தவக்காலத்தின் நடுவில், வேலைக்குப் போன வேன் கவிழ்ந்து ஜோபின் செத்துப்போனான். அவனோடு வேலைபார்த்த லிங்கராஜ் போன் செய்தான். புதூர்ப் பக்கத்துப் பையன், ஜோபினைவிட இரண்டு வயது மூத்தவன். அழுதுகொண்டேதான் சொன்னான். உடலை ஊருக்கு அனுப்பக் காகிதமெல்லாம் முடிய நாற்பது நாள் ஆகுமாம். சீல் வைத்த பெட்டியாகத்தான் தருவார்களாம், திறக்கக் கூடாதாம். "மொகம் பாக்க முடியாதுப்பா" என்றான்.

நாற்பது நாள் அவள் எப்படிக் காத்துக் கிடப்பாள், கடைசியில் திறக்காத பெட்டியைக் கட்டிக்கொண்டு என்ன செய்வாள் என்று யோசித்தேன். ஐந்து நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டேன். "அங்கனயே அடக்கம் பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டேன். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லா முடிவையும் நானே எடுத்துப் பழகிவிட்டது.

விஷயத்தைச் சொன்னபோது தெரசம்மாள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப மொகம்?" என்று மட்டும் கேட்டாள்.

"லிங்கராஜ் வீடியோ எடுத்து அனுப்புதேன்னு சொல்லியிருக்கான்" என்றேன். அது உண்மை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு லாரி ஷெட் பக்கத்து டீக்கடையில் நிற்கும்போது அந்த வீடியோ வந்தது. அங்கே அப்போது முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணி. வீட்டில் இருக்க முடியாமல்தான் ஷெட்டுக்கு ஓடி வந்திருந்தேன். டீயைக் கீழே வைத்துவிட்டுத் திறந்தேன்.

தூண்களின் மேல் கட்டிய வீடு. அதன் அடியில் திறந்த இடம், டியூப் லைட் வெளிச்சம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் ஒரு மேசையில் நாலு பேர் சீட்டாடுகிறார்கள். நாற்காலிக்கு அடியில் பாட்டில். நடுவில் வெள்ளைப் பெட்டி. பெட்டியை ஒட்டிச் சிவப்பு பனியன் போட்ட ஒருவன் உட்கார்ந்து, மடியில் டோலக்கை வைத்துக்கொண்டு அடிக்கிறான். மெதுவாகவும் அடிக்கவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு அடிக்கிற வேகம். பக்கத்தில் ஒருவன் நீளமான இரும்புக் கம்பியை நிறுத்தி, மாட்டு லாடம்போல வளைந்த ஒன்றால் அதைக் கிணுகிணு என்று தட்டுகிறான். எல்லாரும் பாடுகிறார்கள். அடிக்கிறவன் தலையை ஆட்டி ஆட்டி, பல்லெல்லாம் தெரிய அடிக்கிறான். அவன் மடியில் இருந்த டோலக்கில் மஞ்சள் டேப்.

எங்கள் கோயிலில் சாம்பல் புதன் வந்தால் டோலக் உறைக்குள் போய்விடும். ஈஸ்டர் இரவில் மணி அடிக்கும்போதுதான் வெளியே வரும். கல்யாண வீட்டுக்காரர் வந்து காலில் விழுந்தாலும் தவக்காலத்தில் ஜோபின் அதைத் தொட மாட்டான். துக்க வீட்டிலோ கேட்கவே வேண்டாம், வெறும் பாட்டுத்தான். அவனுடைய டோலக்கையே எடுத்து, அவனுடைய சாவிலேயே, தவக்காலத்தில், எவனோ குடித்துவிட்டுக் கூத்தடிக்கிறான்.  ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. அழித்தேன். அழித்த கையோடு லிங்கராஜைக் கூப்பிட்டேன்.

"செத்த வீட்டுல கூத்தா நடத்துதீங்க? எம்புள்ள அநாதையாலே?"

"அப்பா, இல்லப்பா, இங்கன இவிய வழக்கம்…"

"எவன் வழக்கம்? அந்த டோலக்கப் பிடுங்கி ஒடச்சுப் போடு! அந்த வீடியோவ இந்த நிமிஷமே அழி. ஒரு போட்டோகூட எவனும் எடுக்கக் கூடாது. எடுத்தீகன்னா அங்கனயே வந்து வெட்டுவேன்."

நான் கத்துகிற வரைக்கும் அவனுக்குப் பின்னால் அந்தக் கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. டீக்கடைக்காரர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

வீட்டுக்கு வந்தேன். தெரசம்மாள் தலை வாராமல், வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தாள். இந்தக் கூத்தைப் பார்த்தால் இவள் உயிர் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. மெய்யாகவே அப்படித்தான் தோன்றியது. "வீடியோ எடுக்க விடலையாம்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். எழுந்துபோய்த் தலை வாரிக்கொண்டாள்.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முப்பதாம் நாள் பூசைக்கு அவள் வரவில்லை. ஜோபின் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தேன், அதை வாங்கி பீரோவுக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டாள். அவனைப் பற்றிப் பேசும்போது "ஜோபினுக்கு அவியல் பிடிக்கும்" என்பாள், "பிடிச்சிருந்துச்சு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. சில நாள் நானே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன். என்னை ஆறுதலாகப் பார்ப்பாள், என் மகன் செத்துவிட்டான், அவள் மகன் எங்கேயோ வேலைக்குப் போயிருக்கிறான் என்பதுபோல. ஷெட்டில் சுமை இறக்குகிறவர்களோடு தினமும் சண்டை போட்டேன். எதற்கு என்று இப்போது கேட்டால் ஒன்றுகூட ஞாபகமில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். மழைக்கு முந்திக் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி மாலையும் மெழுகுவத்தியுமாகத் தெருவே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. "கிளம்பு தெரசா, எங்கப்பா அம்மாவுக்காவது ஏத்திட்டு வருவோம்" என்றேன். "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு அங்கன ஆரும் இல்ல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் மெழுகுவத்திக் கட்டை ஆட்டோவிலேயே வைத்துவிட்டு நேராகப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷேக் தாவூது செல்போன் கடைக்குப் போனேன். அழித்த வீடியோவைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு மணி நேரம் பார்த்தார். "ரொம்ப நாளாயிருச்சே அண்ணாச்சி. ஒன்னும் சிக்கலியே. என்ன வீடியோ?" என்றார். கல்யாண வீடியோ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் லிங்கராஜ் லீவில் ஊருக்கு வந்தான். எங்கள் வீட்டுக்கும் வந்தான். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்த சாயங்காலம். வாசல்படியில் நின்று, செருப்பில் ஒட்டியிருந்த கரிசல் மண்ணை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டே இருந்தான். அவ்வளவு நேரம் சுரண்ட அதில் மண் இல்லை. உள்ளே வரப் பயப்படுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் அவன் உள்ளே வருவது பயமாகத்தான் இருந்தது.

தெரசம்மாள்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். ஜோபினின் பையைக் கொடுத்தான். சட்டைகள், ஜெபமாலை, வெல்டிங் கண்ணாடி. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "டோலக்கு எங்க?" என்று கேட்டாள்.

லிங்கராஜ் என்னைப் பார்த்தான். "அங்கன கேவல்ட்ட இருக்கும்மா" என்றான். கேவல் என்பவன் அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரன், அரிசி மில்லில் லாரி ஓட்டுகிறவன் என்று விவரம் சொன்னான். "ஜோபினும் அவனும் ரொம்பப் பழக்கம்மா. ஜோபின் போன புதுசுல ராத்திரி ரூம்ல ஒக்காந்து நம்ம கோயில் பாட்டு அடிச்சிக்கிட்டு இருந்திருக்கான். கேவல் கீழ இருந்து ஓடி வந்துட்டான். 'இது எங்க சாமானாச்சே, ஒங்கிட்ட எப்படி?'ன்னு கேக்கான். ஜோபினுக்குச் சிரிப்பு."

"அவிய சாமானா?"

"ஆமாம்மா. அவிய தாத்தனுக்குத் தாத்தன் காலத்துல நம்ம நாட்டுலருந்து கரும்புத் தோட்டத்து வேலைக்குக் கப்பல்ல போனவிய. பேச்செல்லாம் மறந்துபோச்சு, இங்கிலீஷ்தான். இந்தியில பாடுவாவ, அர்த்தம் கேட்டா தெரியாதும்பாவ. டோலக்க மட்டும் விடல. கல்யாணத்துக்கு முன்னால பொம்பளைய மட்டும் கூடி டோலக் அடிச்சு ஆடுவாவ, ஆம்பள ஒருத்தன் போவ முடியாது. கீபோர்டு, கிட்டாரு எல்லாம் வச்சு ஒரு பாட்டு இருக்கு, அதுலயும் டோலக்குதான் முன்னால நிக்கும். சட்னின்னு பேரு."

"சட்னியா?" தெரசம்மாள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. எட்டு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

"அதேதான். காரமா இருக்குமாம். சனிக்கிழமையானா ஜோபினக் கூட்டிட்டுப் போயிருவாவ. நம்ம கீர்த்தனைக்கு அடிப்பான்லா, நடுவுல ஒரு தட்டு விட்டுட்டுப் பிடிப்பான். அத அங்கன கல்யாணத்துல அடிச்சான்மா. கூட்டம் பூரா 'மெட்ராஸ், மெட்ராஸ்'னு கத்துது. அங்கன அவன் பேரு மெட்ராஸ்தான். கேவல் அந்த அடியக் கத்துக்கிட ஒரு மாசம் மாரடிச்சான்."

லிங்கராஜ் சொல்லும் சுகத்தில் தன்னை மறந்துவிட்டான். "கடைசியில பெட்டிக்குப் பக்கத்துல அததாம்மா அடிச்சான். வீடியோவுல கேட்டிருப்பீகளே" என்றான்.

சொன்ன பிறகு என்னைப் பார்த்தான். தெரசம்மாளும் என்னைப் பார்த்தாள்.

"எந்த வீடியோ?"

 வாசலில் ஓட்டுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இனி மறைத்துப் பயனில்லை என்று நான் வாயைத் திறந்தேன். வந்தது, நான் பார்த்தேன், கொட்டடித்துக் கூத்தடித்தார்கள், நீ தாங்க மாட்டாய் என்று அழித்துவிட்டேன். இவ்வளவையும் அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லிங்கராஜிடம், "ஒங்கிட்ட இருக்கா?" என்றாள்.

"அப்பா அழிக்கச் சொன்னாவ. அன்னைக்கே அழிச்சிட்டேம்மா. அந்த போனும் இப்ப இல்ல." அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "கூத்தடிக்கலம்மா. அந்தத் தெருவுல செத்தவிய பக்கத்துல ராத்திரி பூரா ஆளு முழிச்சிருக்கணும். தூங்கிறக் கூடாதுன்னுதான் சீட்டு, பாட்டு, டோலக்கு எல்லாம். சத்தமில்லாம ஒருத்தன் போனா அவனுக்கு நாதியில்லன்னு அர்த்தமாம். 'மெட்ராஸுக்கு அம்மா இங்க இல்ல, அப்பா இங்க இல்ல, நாம இருக்கோம்னு ஊருக்குக் கேக்கட்டும்'னு கேவல் விடியுற வர அடிச்சான். மாத்தி அடிக்கேன்னு வந்தவனுக்கும் குடுக்கல. ரெண்டு நாளைக்கு அவனால ஸ்டியரிங் பிடிக்க முடியலம்மா, கை அப்படி வீங்கிக் கெடந்துச்சு."

என் மகன் அநாதையா என்று அவர்களை நான் கேட்டேன். இல்லை என்று சொல்லத்தான் அவன் கை வீங்க அடித்திருக்கிறான். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

"அந்தப் புள்ளைக்கு போன் போடு" என்றாள் தெரசம்மாள். "அவன்ட்டயாவது படம் இருக்கான்னு கேளு."

அங்கே விடிந்து ஏழு மணி. கேவல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும், நம் தெருவில் நடந்து போனால் யாரும் வெளியூர் என்று சொல்ல மாட்டார்கள். லிங்கராஜ் இங்கிலீஷில் கேட்டான். அவன் தலையை ஆட்டினான். இல்லை, யாரும் எடுக்கவில்லை, எடுக்கக் கூடாது என்று குடும்பத்தில் சொன்னார்களே என்றான். நான் ஏசியதை லிங்கராஜ் அவனிடம் சொல்லவேயில்லை என்று அப்போதுதான் புரிந்தது. திரையில் என்னைப் பார்த்ததும் கேவல் இரண்டு கையையும் கூப்பி, "ஃபாதர்" என்றான். என்னால் கையைத் தூக்க முடியவில்லை.

தெரசம்மாள் போனை வாங்கிக்கொண்டாள். தமிழிலேயே கேட்டாள். "எய்யா, எம்மவனுக்கு அடிச்சத எனக்கு ஒருக்க அடிச்சுக் காட்டுதியா?"

லிங்கராஜ் மொழிபெயர்த்துச் சொல்லும் முன்பே அவனுக்கு விளங்கிவிட்டதுபோல இருந்தது. போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டுப் போய் டோலக்கோடு வந்தான். தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டான். அடித்தான்.

அதே வேகம். அதே தலையாட்டல். சின்ன போனிலிருந்து வந்த சத்தம் எங்கள் வீட்டை நிரப்பியது. நடுவில் ஒரு தட்டு விட்டுப் பிடிக்கிற அந்த அடியைக் கேட்டதும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை கண்முன் வந்தது. கேவலுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. அழும்போது அவனுக்கு வாய் அப்படித்தான் போகிறது. இதை அன்றைக்கு டீக்கடையில் இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

முடித்துவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். தெரசம்மாள் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு போனை லிங்கராஜிடம் கொடுத்தாள். அவள் கண்ணில் அப்போதும் ஈரம் இல்லை.

"மொகம் எப்படி இருந்துச்சு?" என்று அவனைக் கேட்டாள்.

"தூங்குத மாதிரி இருந்தாம்மா."

அவள் கையை வீசி அதைத் தள்ளினாள். "எல்லா எழவு வீட்லயும் அப்படித்தாம் சொல்லுதாவ. நானே எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. ஆரு மனசு நோவும்னு பாக்காம மொகத்துக்கு நேரா பேசுத ஆளு நீங்க. தாடி இருந்துச்சா, வழிச்சு விட்டிருந்தாவளா?"

நான் யோசித்தேன்.

"அடி எங்கன பட்டிருந்துச்சு? நெத்தியா? வாய் மூடியிருந்துச்சா? கண்ணு? அவனுக்குத் தூக்கத்துலகூட ஒரு கண்ணு லேசா தொறந்துதான இருக்கும். சொல்லுங்க. நம்ம வீட்டுல நீங்க ஒருத்தருதான் பாத்திருக்கீக."

சிவப்பு பனியன் ஞாபகம் வந்தது. மணிக்கட்டில் ஸ்டீல் வாட்ச். டேப்பின் ஓரம் பிரிந்து தொங்கியது. இரும்புக் கம்பி, வளைந்த லாடம், நாற்காலிக்கு அடியில் பாட்டில், சீட்டாடியவர்களில் ஒருவன் தொப்பி போட்டிருந்தது, எல்லாமே ஒன்றுவிடாமல் இருந்தது. வெள்ளைப் பெட்டியின் விளிம்பு அடிக்கிறவனின் முழங்காலுக்குப் பக்கத்தில் தெரிந்தது. அதற்கு உள்ளே போக முயன்றேன். கண்ணை மூடிக்கொண்டு முயன்றேன். பெட்டியின் மூடி திறந்துதான் இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு பொய் சொல்லிவிடலாம். தாடியை வழித்துவிட்டிருந்தார்கள், நெற்றியில் சின்னக் காயம், வாய் மூடியிருந்தது. சொன்னால் நம்புவாள். சாகும்வரை அந்த முகத்தையே வைத்துக்கொண்டு இருப்பாள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இவள் தாங்க மாட்டாள் என்று நானே முடிவுசெய்து சொன்ன பொய்யில்தான் எட்டு மாதம் இவள் இப்படி உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் பாக்கல தெரசா" என்றேன்.

"வீடியோவுல இல்லியா?"

"இருந்திருக்கும். நான் பாக்கல. கொட்டடிச்சவனையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து வந்து இரண்டு கையாலும் என் நெஞ்சில் அடித்தாள். ஒருமுறை, இன்னொருமுறை. முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்மேல் கை ஓங்கியதில்லை. "பெத்த தகப்பன்லா நீரு! எம்புள்ள கடைசியா கெடந்தானே, அவன ஒருக்கப் பாத்திருக்கக் கூடாதா? எனக்காவ ஒருக்கப் பாத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அடுத்த வார்த்தை வரவில்லை. அடித்த கை அப்படியே என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. "எய்யா ஜோபினு" என்று ஒரு சத்தம் வந்தது. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

எதிர்வீட்டு வேலுத்தாய் பாத்திரம் விளக்கிய கையோடு ஓடி வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. தெரசம்மாளை என்னிடமிருந்து பிரித்துத் தரையில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்து தோளில் கைபோட்டுக்கொண்டாள். இந்தத் தடவை தெரசம்மாள் கையை எடுத்துவிடவில்லை. ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சின்ன வீடு, பெண்களால் நிறைந்துவிட்டது. லிங்கராஜ் சுவரோரம் நின்று முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

எனக்கு உள்ளே நிற்க இடமில்லை. வெளியே வந்து ஈரப் படியில் உட்கார்ந்தேன். வேலுத்தாய் புருஷன் பாண்டியராஜன் அப்போதுதான் மில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தான். அழுகைச் சத்தத்தைக் கேட்டு எங்கள் வாசலிலேயே இறங்கினான்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"ஜோபின் செத்துப்போனான்" என்றேன்.

அவனுக்குத் தெரியாத சங்கதியா? மார்ச் மாதமே எங்கள் வீட்டில் துட்டி டீ குடித்தவன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.